எண்பத்து மூன்றாம் பக்கத்து வெள்ளம்

இந்த மாலைக்குத் தலைமை ஏற்று, நம் ஹார்பெக் ஊர் நூலகத்தை முப்பதாண்டுகளாகத் தம் பிள்ளையைப் போல் பேணிவரும் திருமதி டன்னிகிளிஃப் அவர்களே! ‘வாத்துப் படகு’ நாவலைப் பள்ளிப் பருவத்தில் படித்து, பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக்காட்டும் பெரியோர்களே! வேலை முடிந்த களைப்போடு மழையில் நனைந்து வந்திருக்கும் தாய்மார்களே! பதிப்பகத்தில் என் மேலாளராக இருந்து என் எழுத்தைத் திருத்தும் மிஸ்டர் பில்லிங் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஹெஸ்டர் கார்சைடின் பணிவான வணக்கம்.

பின்வரிசையிலிருந்து “சத்தமா பேசும்மா!” என்கிறீர்கள். பேசுகிறேன். முதல் மேடை, குரல் வெளியே வரக் கொஞ்சம் யோசிக்கிறது.

மேபல் என்ற சிறுமி வெள்ளத்தில் ஆறு வாத்துகளோடு படகில் அடித்துச் செல்லப்படும் கதை உங்களுக்குத் தெரியும். நம் ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மிஸ் ஸ்கெல்ட்டன் அதை எழுதித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று வெளியாகும் புதுப் பதிப்பைச் செப்பனிடும் வேலை எனக்குக் கிடைத்தது. பதிப்பகத்தில் எனக்கு அது ஆறாவது மாதம், சோதனைக் காலத்தின் கடைசி மாதம். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். நான் வேலையில் நீடிப்பேனா என்ற கடிதமும் அதே வெள்ளிக்கிழமைதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் என் அம்மா, “எங்க ஹெஸ்டர் புஸ்தகம் போடுறா” என்று உருளைக்கிழங்கு உரிக்கும் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.

எங்கள் பதிப்பகத்தில் ஒரு விதித்தாள் உண்டு. குழந்தைகள் நூலில் எந்த வாக்கியமும் இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. ஏழாம் அத்தியாயத்திலோ ஒரு வாக்கியம் பக்கம் முழுவதும் ஓடுகிறது! விட்டேனா? வெட்டினேன். ஒன்றைப் பதினான்காக்கினேன். “தண்ணீர் ஏறியது. கயிறு அறுந்தது. படகு திரும்பியது. மேபல் துடுப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை.” எவ்வளவு சுத்தம்! எவ்வளவு தெளிவு! எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

அச்சுக்குப் போகுமுன் எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் தாளில் விரல் வைத்துத் தொடர்வார். காற்புள்ளிக்கு மேசையில் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு. உரக்கப் படிப்பவர் என்னோடு வேலை பார்க்கும் க்வென். ஒரு கையில் தாள், மறு கையில் தேநீர்க் கோப்பை. கோப்பையின் அடியாலேயே தட்டுவார். புதன்கிழமை காலை என் பதினான்கு வாக்கியங்களையும் படித்தார். ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் இரண்டு தட்டு, ஒரு மடக்குத் தேநீர்.

“எப்படி இருக்கு, க்வென்?”

“குறையே இல்ல, கண்ணு. டீதான் தீந்து போச்சு.”

“பாவம் மேபல்! அவ வெள்ளத்துல போறா, நீங்க டீ குடிக்கிறீங்க.”

“நானா குடிச்சேன்? நீ நிறுத்துன இடத்துல நானும் நிறுத்துனேன். வேற என்ன பண்ணச் சொல்ற?”

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். ஆனால் என்னை ஏதோ அரித்தது. பழைய பதிப்பை எடுத்து, கோப்பையையும் நிரப்பி, அதே பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்.

“தண்ணீர் ஏறி, கயிறு அறுந்து, படகு திரும்பி, மேபல் துடுப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்து, அது எட்டாமல் போய், பாலம் போய், தேவாலயக் கோபுரம் போய், கரையில் நின்ற அம்மாவின் சிவப்புச் சால்வை சின்னதாகி, இன்னும் சின்னதாகி…”

தட்டுவதை மறந்துவிட்டார் க்வென். தூக்கிய கோப்பை வாய்க்குப் போகவில்லை, மேசைக்கும் வரவில்லை. பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றுபோனது. வாக்கியத்தின் முடிவில் மேபல் வாத்துகளின் நடுவே முழங்காலைக் கட்டி உட்கார்ந்த பிறகுதான் அறையில் மூச்சுச் சத்தம் கேட்டது.

இது எப்படி நடக்கிறது? அதே ஆறு, அதே சிறுமி, ஏறக்குறைய அதே சொற்கள். தபால் நிலையத்துப் பெண் இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? மறுநாள் இங்கேதான் ஓடிவந்தேன். தலைவர் அவர்கள் மிஸ் ஸ்கெல்ட்டனின் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன். என் காது சூடாகிவிட்டது. அங்கே சின்னச் சின்ன வாக்கியங்கள்! தண்ணீர் ஏறியது. கயிறு அறுந்தது. முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளி! அவரும் முதலில் என்னைப் போலத்தான் எழுதியிருக்கிறார், அவையோரே! பிறகு ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் அடித்திருக்கிறார். தாள் கிழியும்படி அடித்திருக்கிறார். கடைசிப் புள்ளி ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். தொண்ணூறு ஆண்டுக்கு முன் அவர் பாடுபட்டு அழித்ததையெல்லாம் நான் பாடுபட்டுத் திரும்ப வைத்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம் என்று கடிதம் வரும். ஆறு மாதமாக நான் அலுவலகத்தில் சொன்னதெல்லாம் “சரிங்க” மட்டும்தான். வியாழன் மாலை மிஸ்டர் பில்லிங் அறைக் கதவைத் தட்டினேன்.

“ஏழாம் அத்தியாயத்தைப் பழையபடி மாத்தணும், மிஸ்டர் பில்லிங்.”

“பழையபடியா? யாரு வெட்டுனது?”

“நான்தான்.”

“யாரு வெட்டச் சொன்னது?”

“நீங்கதான்.”

“ஓ! அப்போ தப்பு என்னோடதுங்கிற?”

“இல்லைங்க… விதி மத்த இடத்துக்கெல்லாம் சரிதான். வெள்ளத்துக்கு மட்டும் சரியா வரல.”

“இவ்ளோ நீளத்தை எந்தப் பிள்ளைம்மா படிக்கும்?”

“நீங்க ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்களேன்.”

படித்தார். உட்கார்ந்து தொடங்கியவர் பாலத்தருகே எழுந்துவிட்டார். சிவப்புச் சால்வை வரும்போது முகமும் சிவந்துவிட்டது. முடித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது, மூச்சு முட்டுது!”

“மேபலுக்கும் அப்படித்தாங்க இருந்திருக்கும்.”

தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: “அச்சகத்துக்கு நீயே போன் பண்ணு. அவங்ககிட்டத் திட்டு வாங்க என்னால ஆகாது.”

கடிதம் வந்ததா என்று முன்வரிசையில் ஒரு தாய்மார் கேட்கிறார். வந்தது. ‘வேலையைக் குறித்த நாளில் முடிக்காததால் சோதனைக் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது.’ தலையைக் குனியாதீர்கள், மிஸ்டர் பில்லிங், தாமதம் உண்மைதானே! அதே கடிதத்தின் கீழே, பேனாவால், விதித்தாளில் ஒரு வரி சேர்த்து அனுப்பும்படி எனக்கு எழுதியிருந்தீர்கள். சேர்த்துவிட்டேன்: ‘வெட்டுமுன் உரக்கப் படிக்கவும்.’

அன்பர்களே! நல்ல நடை எது? சிறியதா, பெரியதா? அளவுகோல் சொல்லுமா? விதித்தாள் சொல்லுமா? வெள்ளம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வாக்கியமும் நிற்க வேண்டும்! அம்மாவின் சால்வை கண்ணுக்குத் தெரியும்வரை பிள்ளை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அவள் பார்வையை நடுவில் வெட்ட எனக்கு என்ன உரிமை?

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் இப்போது ஒரே ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. மற்ற பதின்மூன்றையும் எடுத்தவள் என்பதைத் தவிர இங்கே நிற்க எனக்கு வேறு தகுதி இல்லை. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், சமையலறை உடுப்போடு கதவோரம் நிற்கும் என் அம்மாவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.