இரண்டாவது மனுதாரர்

— கதவ விட்டு நகருங்க மாமா. நான் உள்ள போகணும்.

— எங்க போற? பூட்ட மாத்தியாச்சும்மா. உன் துணிமணியெல்லாம் மூட்டையாக் கட்டிட்டேன். காலடியிலதான் கெடக்கு, தடவிப் பாரு.

— கண்ணு தெரியாத பொம்பளைங்க தங்கித் தொழில் கத்துக்கணும்னு எங்கப்பா அறக்கட்டளைக்கு எழுதிவெச்ச வீடு இது.

— எழுதிவெச்சாரு, யாரு இல்லேன்னா? ஆனா நிர்வாகி நானு. நான் என்ன சொல்றேன்னா, இதுல ஒரு செங்கல்கூட உனக்குச் சொந்தமில்ல. தர்மத்துல தங்கினவ என்னைக் கேள்வி கேப்பியா?

— செங்கல நீங்களே வெச்சுக்குங்க. எதுக்காக எழுதினாரோ அதுக்கு வீடு நடக்கணும். அதக் கேக்க எனக்கு உரிமை இருக்கு.

— ஓஹோ, வக்கீலம்மாவப் பாத்துட்டு வர்றியாக்கும்! அப்போ இதையும் சொல்லியிருப்பாங்களே. பொது தர்மம்னா ரெண்டு பேராவது சேந்து, கோர்ட் அனுமதி வாங்கித்தான் வழக்குப் போடணும். நீ ஒத்த ஆளு.

— சொன்னாங்க.

— மத்தவளுங்கள எல்லாம் நானே பஸ் ஏத்திவிட்டுட்டேன். ஒருத்தியும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டா.

— எங்களுக்குத் தையல் சொல்லிக்குடுத்த அக்காவ மட்டும் ஆம்புலன்ஸ்ல ஏத்தினீங்க.

— அது தவறி விழுந்தது. அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?

— மாடிப்படிக் கைப்பிடிய சொல்லாம கொள்ளாம கழட்டச் சொன்னது யாரு? அதப் புடிச்சுத்தான் நாங்க எறங்குவோம்னு உங்களுக்குத் தெரியாதா? இடுப்பு ஒடஞ்சு கெடக்குறவங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன் மாமா. வீட்ட மீட்டா மட்டும் போதாது. உங்கள நிர்வாகத்துலேர்ந்து எறக்கி, நடுத்தெருவுல நிக்க வெக்காம விடமாட்டேன்னு.

— வெய்யி, வெய்யி! அதுக்குள்ள என் பையன் இங்க ஜிம்மே தொறந்துடுவான்.

— தொறக்க மாட்டான். கோர்ட் அனுமதி கெடச்சு, தடை உத்தரவும் வாங்கியாச்சு. இனிமே இந்த வீட்டுல ஒரு ஆணியக்கூட நீங்க புடுங்க முடியாது.

— புளுகாத! உன்கூட சேந்து கையெழுத்துப் போட்டவ எவ?

— மரியாதையாப் பேசுங்க. போட்டது அத்தை.

— எந்த அத்தை? என் பொண்டாட்டியா? நான் என்ன சொல்றேன்னா... ஏம்மா, அவ எப்படிப் போட முடியும்? இது பார்வையில்லாதவங்களுக்கு எழுதின தர்மம்!

— அவங்களுக்கு ரெண்டு கண்ணும் போய் ஒரு வருஷமாச்சு மாமா. ஒரே வீட்டுலதான இருக்கீங்க, பாக்கலியா?