இடது பக்கத்து ரப்பர்

— எந்திரி மொதல்ல. ராம்நாத் செட்டியார் மக போர்ச்சுல மல்லாந்து படுத்து டயருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கா. இந்த மழையிலயும் ரோட்டுல போறவன் எல்லாம் கேட் வழியா எட்டிப் பாத்துட்டுப் போறான்.

— நீங்கதானே அப்பச்சி நேத்துக் காலையில சொன்னீங்க, சேறு தடுக்குற ரப்பர் இல்லாம இந்தக் காரு கோயில் பக்கம் வரக் கூடாதுன்னு? மாட்டிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.

— மாட்டச் சொன்னேன். ஒன்னையவா மாட்டச் சொன்னேன்? பெங்கேல்ல விட்டா மெக்கானிக் மாட்டிக் குடுக்கப் போறான்.

— ஹஸ்ருல் பெங்கேல் இன்னிக்கு மூடிட்டான். ரப்பர நேத்தே வாங்கி வச்சுட்டேன். வலது பக்கம் ரெண்டு சக்கரமும் முடிஞ்சிருச்சு. இடது பக்கம் ரெண்டுதான் பாக்கி. நாலு ஸ்க்ரூ, ரெண்டு கிளிப். அவ்வளவுதான் லா.

— மணி ரெண்டே கால். நாலு மணிக்கு அண்ணாமலை அண்ணன் கோயில் வாசல்ல இருப்பாரு. நீ கையெல்லாம் கிரீஸோட நிக்கிறே.

— கை கழுவுனாப் போயிரும்.

— அவரு கேட்ட கேள்வி போகுமா? நான் கேக்குறேன், போகுமா? பத்துப் பேர வச்சுக்கிட்டுக் கேட்டாரு. 'ராம்நாத், ஒம் மக சிவப்புக் காரு எம் மேல சேத்த வாரி அடிச்சிட்டு நிக்காமப் போகுது, இதுதான் ஒங்க வீட்டுப் பழக்கமா'ன்னு. போன ஞாயித்துக்கெழம காலையில, குவீன் ஸ்ட்ரீட்ல, நகக்கடை வாசல்ல. கல்யாணத்துக்குப் போகப் பட்டு வேட்டி கட்டி நின்ன மனுசன். நெஞ்சு வரைக்கும் சாக்கடத் தண்ணி. பூக்கடக்காரன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சானாம்.

— அன்னிக்குப் பேஞ்ச மழைக்கு லிட்டில் இந்தியா முழுக்கத் தண்ணி. கார் போனா தெறிக்கத்தான் செய்யும்.

— தெறிச்சா நிறுத்தி எறங்கணும். மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். கண்ணாடிக்குள்ள ஒரு பொம்பள இருக்கான்னு மட்டும் தெரிஞ்சுதாம். அதுக்குள்ள பறந்துட்டியாம். நம்பரப் பாத்து வச்சிருக்காரு.

— நம்பர் என் நம்பர்தான். அதான் ஆமான்னு ஒத்துக்கிட்டேனே.

— ஞாயித்துக்கெழம பேக்டரியில ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனியே? குவீன் ஸ்ட்ரீட்ல ஒனக்கு என்ன வேல?

— ஷிப்ட் கேன்சல் ஆயிருச்சு.

— பேக்டரி வேன்லதானே ஏறிப் போனே?

— வேன் திருப்பிக் கொண்டாந்து விட்டுருச்சு. போலீஸ் மாதிரிக் கேக்காதீங்க அப்பச்சி. அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுங்க. அது இல்ல, மஞ்சப் பிடி.

— நான் எடுத்துக் குடுக்கணுமா? ஒனக்கு நான் எடுபிடியா?

— இந்தா ஹேமா, நான் தர்றேன். பார்லி தண்ணியும் வச்சிருக்கேன், குடி. ஏங்க, நீங்களும் ஒக்காந்து பேசுங்க. நின்னுக்கிட்டுக் கத்துனா ஒங்களுக்கு பிரஷர் ஏறும்.

— நாச்சம்ம, நீ உள்ள போ. நான் ஒம் மககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்.

— போறேன். ஏன் ஹேமா, இந்த ரப்பர் மாட்டிட்டா தண்ணி தெறிக்கவே தெறிக்காதா?

— ரொம்பக் கொறஞ்சிரும் ஆத்தா. டயர் வாரி எறியிற தண்ணிய இது தடுத்துக் கீழயே தள்ளிரும்.

— ரோட்டோரம் நிக்கிறவங்க மேல படாதா?

— இடது பக்கமும் மாட்டிட்டா படாது.

— வேகமாப் போனாக்கூடவா?

— ஆத்தா, ப்ளீஸ். உள்ள போங்க.

— சும்மா கேட்டேன்.

— நேரங்காலம் தெரியாம இவளுக்கு இப்பத்தான் காரு பாடம்! ஹேமா, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க. கோயிலுக்குப் போறோம். காரை வாசல்ல நிறுத்துறோம். ரப்பர் மாட்டுனத எல்லாரும் பாக்கட்டும். நீ எறங்கி நேரா அவருகிட்டப் போய்க் கால்ல விழுந்து எந்திரிக்கணும்.

— சாரி சொல்றேன்.

— சாரியா? அவரு என்ன ஒன் பேக்டரியில வேல பாக்குறவரா?

— சாரி சொல்லுவேன். வேட்டிய வாங்கி நானே தொவச்சுக்கூடக் குடுப்பேன். கால்ல விழ மாட்டேன்.

— ஏன்? ஒனக்குக் குனிய வலிக்குதா? ரெண்டு மணி நேரமா ஒரு காருக்குக் கீழ படுத்துக் கெடக்குறியே, அது வலிக்கல?

— கார் என்னைய ஒண்ணும் சொல்லல அப்பச்சி.

— என்ன சொன்னே?

— போன மாசம் பத்திரிக வைக்க வந்தாருல்ல? இதே போர்ச்சுல, இந்தத் தூணுகிட்டத்தான் நின்னாரு. காரை மேலயும் கீழயும் பாத்துட்டு என்ன சொன்னாரு? 'புருசன் வீட்டுல பொழைக்க வக்கில்லாதவளுக்கு இந்தக் காரு ஒரு கேடா'ன்னு சொன்னாரு. நான் சன்னலுக்குப் பின்னாடி நிக்கிறது தெரிஞ்சே சொன்னாரு.

— பெரியவங்க. வாயில ஏதோ வந்துரும்.

— நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'காப்பி ஆறுதுண்ணே, குடிங்க'ன்னு சொன்னீங்க.

— வேற என்ன சொல்லச் சொல்றே? வீட்டுக்கு வந்த மனுசனக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளச் சொல்றியா? நீ அந்த வீட்டுலேர்ந்து திரும்பி வந்து ரெண்டு வருசமாச்சு. இந்த ரெண்டு வருசத்துல நம்ம வீட்டுக்கு எத்தன பேரு பத்திரிக வச்சாங்க? சொல்லு. ஒருத்தன் வரல. கோயில்ல என்னையப் பாத்தா செல்போன எடுத்துக் காதுல வச்சுக்கிட்டுத் திரும்பிக்கிறான். அண்ணாமலை அண்ணன் ஒருத்தருதான் படியேறி வந்தாரு. அந்த ஒரு வாசலும் அடைக்கணுமா ஒனக்கு?

— அந்த வாசல் தெறந்திருக்கணும்னா நான் பேச்சு வாங்கணும்.

— ஆமா, வாங்கு! நான் வாங்கல? இந்தத் தல இந்த ஊர்ல யாருக்கும் குனிஞ்சதில்ல. ரெண்டு வருசமாக் குனிஞ்சு நடக்குறேன். யாரால?

— அப்பச்சி...

— கேளு. நாலு மணிக்கு நீ அவரு கால்ல விழுறே. முடியாதுன்னா, மாட்டுன ரப்பரோட அந்தக் காருல ஏறிப் போயிரு. திரும்பி இந்தக் கேட்டத் தெறக்காத. நான் சொல்றது கேக்குதா இல்லையா? வாயத் தெற!

— தள்ளுங்க அப்பச்சி, ஸ்க்ரூ கீழ உருண்டு போச்சு.

— கேக்குதான்னு கேட்டேன்.

— கேக்குது. சரி. விழுறேன்.

— சத்தமாச் சொல்லு.

— விழுறேன்னு சொன்னேன்ல! கால்ல விழுறேன், போதுமா? நகருங்க. இடது பக்கம் மாட்டணும்.

— அவ விழ வேணாம்.

— நாச்சம்ம, ஒன்னைய உள்ள போகச் சொன்னேன்.

— அவ எதுக்கு விழணும்? அன்னிக்கு அவ பேக்டரியிலதான் இருந்தா. வேனும் திரும்பி வரல.

— ஆத்தா, வேணாம். நான் பாத்துக்கிறேன். பேசாம இருங்க.

— ஒரு வாரமா பேசாமத்தானே இருந்தேன். நீ விழுறேன்னு சொன்னப்புறம் எப்படி இருக்குறது? ஏங்க, காரை ஓட்டுனது நான்.

— யாரு?

— நான்தான்.

— ஒனக்குக் காரு ஓட்டத் தெரியாது.

— லைசன்ஸ் எடுத்து ஏழு மாசம் ஆச்சு. தாசேக் கெலுகோர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு போனேனே, அங்க செம்பனைத் தோட்டத்து ரோட்டுல ஹேமாதான் வச்சுச் சொல்லிக் குடுத்தா. அன்னிக்கு எறங்குறப்ப சீட்டப் பின்னாடி தள்ள மறந்துட்டேன். சாயந்தரம் காருல ஏறுனதுமே இவ கண்டுபிடிச்சுட்டா. என்னைய ஒரு வார்த்த கேக்கல. நீங்க வந்து கத்துனப்ப, நான்தான்னு அவ முந்திக்கிட்டா.

— முப்பத்தஞ்சு வருசமா இந்த வீட்டுல... நாச்சம்ம, நீயா? நம்ம வீட்டு ஆச்சி காரு ஓட்டிக்கிட்டு குவீன் ஸ்ட்ரீட்ல போறதா? எனக்குத் தெரியாமயா?

— ஒங்களுக்குத் தெரிஞ்சா ஓட்ட விடுவீங்களா?

— சரி. சரி, இரு. ஹேமா, நீ எந்திரி. மொதல்ல எல்லாரும் நிதானமா இருங்க. நீ புதுசா ஓட்டுறவ. மழ. பள்ளம் தெரிஞ்சிருக்காது. தெரியாம நடந்து போச்சு. நான் அண்ணன்கிட்டச் சொல்லிக்கிறேன். பொம்பள கை, நிதானம் தப்பிருச்சுன்னு சொன்னா அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு.

— நிதானம் தப்பலையே.

— நாச்சம்ம?

— மொதத் தடவ நல்ல நிதானமாத்தான் போனேன். மெதுவாப் போனதால தண்ணி அவரு செருப்ப மட்டும்தான் நனச்சுது. அப்புறம் சூலியா தெரு வழியா ஒரு சுத்துச் சுத்தி மறுபடியும் வந்தேன். அவரு அதே எடத்துலதான் நின்னாரு. பத்திரிக வைக்க வந்த அன்னிக்கு நம்ம வீட்டுக் காப்பிய நின்னு குடிச்ச மாதிரியே நின்னாரு.

— ஆத்தா! நீங்க வேணும்னேவா?

— ஏங்க, அன்னிக்கு நீங்களாச்சும் காப்பி குடிங்கன்னு சொன்னீங்க. எனக்கு அது கூடச் சொல்லத் தோணல. அடுப்படியில நின்னு அவரு சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு மாசமா அது தொண்டயில நிக்குது.

— ஐயோ. இப்ப நான் அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நாலு மணிக்கு மனுசன் வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பாரு.

— கோயில் வாசல்லயா, ரோட்டோரத்துலயா?

— ரோட்டோரத்துலதான். எதுக்குக் கேக்குறே?

— ஹேமா, இடது பக்கத்து ரப்பர் கெடக்கட்டும். சாவியக் குடு, மழ விடுறதுக்குள்ள போயிருவோம்.