ஜன்னலில் தொங்கிய ஐந்து கட்டுகள்

அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கும் ஊளை. 1971 டிசம்பர் 6, திங்கள், மாலை ஐந்தே முக்கால். நான் மாடிப்படியில் நிற்கிறேன். இரும்புப் பெட்டியின் ஒரு கைப்பிடி என் கையில். மறு கைப்பிடி பியூன் கோவிந்தசாமி கையில்.

"பத்தி பந்த் கரோ!" கீழே யாரோ கத்துகிறார். விளக்கு அணைகிறது.

"சார், படி! படி பாத்து!"

பெட்டி என் முழங்காலில் இடிக்கிறது. டங். வலியில் கண் இருட்டுகிறது. ஏற்கெனவே இருட்டுதான்.

பாகிஸ்தானோடு போர் தொடங்கி நான்காம் நாள். டெல்லியில் பழைய சுவடிகளை வைத்திருந்த ஓர் அலுவலகம் அது. நான் குமாஸ்தா. தமிழ் ஓலை படிக்கத் தெரிந்த ஒரே ஆள். மேலதிகாரி உத்தரவு போட்டிருந்தார். பதிவேட்டில் எண் உள்ள சுவடிகள் நிலவறைக்கு. எண் இல்லாதவை மாடியிலேயே கிடக்கட்டும்.

காவியம் என்றால் எண் உண்டு. தத்துவம் என்றால் உண்டு. மாட்டு வைத்தியத்துக்குக் கிடையாது. காலங்காலமாக இதே கூத்துதான். ஓலை இருநூறு, முந்நூறு வருஷம் தாங்கும். அதற்குள் யாராவது அதைத் திரும்ப எழுத வேண்டும். எழுதலாம் என்று ஒருவருக்குத் தோன்றினால் நூல் பிழைக்கும். தோன்றாவிட்டால் போச்சு. நூல் நல்லதா கெட்டதா என்று ஓலையை அரிக்கும் செல்லு பார்ப்பதில்லை.

எனக்குத் தோன்றியது. எண் இல்லாத ஒரு மாட்டு வைத்தியக் கட்டு. எண்பத்து நான்கு ஏடுகள். மொழியைப் பார்த்தால் அறுநூறு வருஷத்து நூல். கழிச்சலுக்கு மருந்து, பால் வற்றினால் மருந்து, வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தால் என்ன செய்வது. கடைசி ஏட்டில் எழுதியவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். மூல ஏடு நொறுங்குகிறது, தனக்குக் கண்ணும் மங்குகிறது என்று. அவர் அப்படியும் எழுதி முடித்தார். நான் தினம் மதிய இடைவேளையில் பென்சிலால் தாளில் பகர்த்தி எழுதுவேன். பதினொரு ஏடுதான் ஆகியிருந்தது.

நீண்ட சங்கு ஊதுகிறது. ஆபத்து நீங்கிவிட்டது. மேலே வருகிறேன். ஆறு ஜன்னல்கள். வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைக்கக் கறுப்புக் காகிதம் கரோல் பாக் கடைகளில் தீர்ந்துபோய், நான் பாவாடைத் துணி வாங்கி வந்து கொடுத்திருந்தேன். காற்றில் துணி பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பாரம் கட்டியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஓலைக்கட்டு. ஆறிலும் ஓலைக்கட்டு. மூன்றாவது ஜன்னலில் தொங்குவது என் மாட்டு வைத்தியம்.

"யோவ், அறிவிருக்காய்யா ஒனக்கு? இதெ யாரு தொடச் சொன்னா?"

"நம்பரு இல்லாதது தானுங்க சார்? துணி பறந்தா போலீசு வந்து கத்துறான். பாரத்துக்கு வேற என்னத்தக் கட்டறது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஒரு கட்டை அவிழ்த்தேன். தூசி தட்டினேன். கடைசிப் பெட்டியில் இடம் இருந்தது. உள்ளே வைத்தேன். பெட்டி கீழே போயிற்று. அந்த ஜன்னலுக்குக் கோவிந்தசாமி ஒரு செங்கல்லைக் கட்டினார். மறுநாள் மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்டுப் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

டிசம்பர் 16. போர் முடிந்தது. பெட்டி திறக்கவில்லை. முத்திரை வைத்த மூவரும் முன்னால் இருந்தால்தான் உடைக்கலாமாம். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவரைக் கௌஹாத்திக்கு மாற்றிவிட்டார்கள். நான் குறிப்பு எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். ஒன்பது குறிப்பு.

"கமிட்டி கோ ஆனே தோ, பையா." முத்திரையை உடைக்கப் புதிய கமிட்டி வரட்டும். மேலதிகாரியிடம் இருந்த ஒரே பதில். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜன்னல் திரையை அவிழ்க்கவும் உத்தரவு வரவில்லை. அதனால் அதுவும் அப்படியே தொங்கியது. வெயில் பட்டது. காற்று பட்டது.

1972 ஜூலை. மழை. நிலவறையில் இடுப்பளவு தண்ணீர். அதை இறைக்க ஒரு வாரம். புதிய கமிட்டி வர இன்னும் மூன்று வாரம். ஆகஸ்டில் முத்திரையை உடைக்கிறார்கள். நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். உள்ளே பழைய புளி மாதிரி கறுப்பாய் ஒட்டிக் கிடக்கிறது. விரலால் தொட்டேன். விரலோடு வந்தது.

கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார். "சார், ஜன்னல்லருந்து எடுத்தீங்களே, அது எந்தப் பெட்டியிலங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் கை காட்டினேன்.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். எங்கள் கட்டிடத்தின் மேல் விழுந்த குண்டு, ஒன்றும் இல்லை. காயம், என் முழங்கால். எண் போட்ட கட்டுகள் அறுபத்தொன்று. அறுபத்தொன்றும் போயின. ஜன்னலில் தொங்கியவை ஐந்து. ஐந்தும் இருக்கின்றன. செங்கல்லும் இருக்கிறது. எண் இல்லாமல் பெட்டிக்குள் போனது ஒன்று. எண்பத்து நான்கு ஏட்டில் பதினொன்று என் பென்சில் எழுத்தில் இருக்கிறது. மீதி எழுபத்து மூன்றையும் நான்தான் பத்திரமாக எடுத்து வைத்தேன்.