கீலாண்டின் இடுக்கி

மயிலிட்டி

அன்பின் மருமகன் றோய்,

அன்றைக்கு அறையில் மூன்று பேர் இருந்தோம். ஜெசிதா கட்டிலில், நிறைமாத வயிற்றோடு, சுவரில் சாய்ந்தபடி. உம்முடைய மாமி தலைமாட்டில், பிளாஸ்ரிக் கதிரையில். நான் கால்மாட்டில், கருவி அலுமாரிக்குப் பக்கத்தில். தொலைபேசியில் சொன்னால் ஒழுங்கு குழம்பிவிடும். அதனால்தான் கட்டாருக்கு எழுதுகிறேன்.

ஆசுப்பத்திரிக் களஞ்சியத்தில் வேலை பார்த்த காலம் முதல், கழித்துவிட்ட பழைய பிரசவக் கருவிகளைச் சேர்த்து, எதை எந்த வைத்தியர் வடிவமைத்தார் என்று கண்டறிவது என் வழக்கம். பிள்ளையின் தலையைப் பிடித்து எடுக்கும், முத்திரை தேய்ந்த ஓர் இடுக்கி மட்டும் பிடிகொடுக்கவில்லை. சிம்சன் என்ற வைத்தியருடையது வளைந்திருக்கும்; பிள்ளையை இழுக்க உதவும். கீலாண்டினுடையது ஏறக்குறைய நேரானது. தலையை உள்ளேயே திருப்பும். என்னுடையது நேராக இருந்தது. ஓய்வுபெற்ற டொக்டர் கனகசபாபதி சிரித்தார்.

"உது சிம்சன்ரை, நீக்கிலாப்பிள்ளை. ஆரோ தட்டி நிமித்திப்போட்டாங்கள். கீலாண்ட் எண்டால் நான் மீசையை வழிக்கிறன்."

ஜெசிதாவின் வயிற்றில் பிள்ளையின் முகம் மேலே பார்த்தபடி இருப்பதாக மருத்துவிச்சி சொல்லியிருந்தார். இடுக்கி அதைத் திருப்பினால் அது கீலாண்ட். வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை. பிரசவ நோ தொடங்கியதும் அதை அவித்து எடுத்தேன். சுத்தத்தில் குறை வைக்கவில்லை.

"அப்பா, உந்தக் கறள் சாமானோடை கிட்ட வந்தால் உதைப்பன்," என்று நோவுக்குள்ளும் ஜெசிதா பகிடி விட்டாள்.

"இஞ்சாருங்கோ, அம்புலன்சுக்கு அடியுங்கோ," என்றார் மாமி.

தொலைபேசியைக் காதில் வைத்தேன். இலக்கத்தை அழுத்தவில்லை. "வருதாம்," என்றேன். சுடுதண்ணீர் வைக்கச் சொல்லி மாமியைக் குசினிக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

அவள் உதைக்கவில்லை, றோய். "அப்பா, தெரிஞ்சுதானே செய்யிறியள்?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன்.

தலை திரும்பவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன். இரத்தம் கட்டிலால் வழிந்து தரைக்கு வந்த பிறகுதான் உண்மையில் அழைத்தேன். பிள்ளை ஆண். முகத்தில் நாடி உம்முடையதுதான். இருவரையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம்.

டொக்டர் சொன்னது சரி; அது சிம்சன். முத்திரை இல்லாத கருவியை யாரும் பிழையாக அடையாளம் காணலாம். என் பிழை அவ்வளவுதான்.

மாமி வாசலில் நின்று கேட்கிறார்: "அம்புலன்ஸ் பிந்தி வந்ததையும் எழுதினனீங்களோ? பாவம் றோய். ஆரோடை கோவிக்கிறதெண்டாவது அவருக்குத் தெரியட்டும்."

ஓம், எழுதிவிட்டேன் என்றேன். இனி உறையை ஒட்டி, தபாலில் சேர்க்க அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.