கொசுறாகப் போன எமெட் டூசெட்

விருந்துக்குத் தலைமையேற்று, என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் வடபுல இளையோர் ஐஸ் ஹாக்கி லீக்கின் தலைவர் அவர்களே! பனியில் கல்லைத் தள்ளிக் கர்லிங் ஆடும் இந்த அரங்கில் பனியை உருக்கி, பலகை பரப்பி, பந்தி போட்டுத் தந்த ஆல்டர் க்ரீக் ஊர்ப் பெரியோர்களே! வருடம் முழுக்க ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டு, வசந்தம் வந்ததும் ஒரே கிண்ணத்திலிருந்து மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொள்ளும் பன்னிரண்டு அணி மேலாளர்களே! முன்பின் தெரியாத பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, நாற்றமெடுத்த கையுறைகளை அடுப்படியில் காயவைத்து, அந்தப் பிள்ளை அடுத்த ஊருக்குப் போன அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகின்ற விடுதி வீட்டுத் தாய்மார்களே! ஒன்பதாம் மேசையில் உட்கார்ந்து, வாயில் பெரோகிக் கொழுக்கட்டையும் கையில் குறிப்பேடுமாக இருக்கும் பெரிய லீக் தேர்வாளர்களே! கழுத்தில் டை கட்டத் தெரியாமல் தூக்குக் கயிறு மாதிரி மாட்டிக்கொண்டு வந்திருக்கும் எங்கள் இளம் காளைகளே! அனைவருக்கும் இந்த லார்ன் பாபியாக்கின் வணக்கம்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? கேட்கவில்லை என்று சொல்கிறவருக்கு நான் கேட்டது மட்டும் எப்படிக் கேட்டது? உட்காருங்கள் ஐயா, கடைசி இனிப்பு இன்னும் வரவில்லை.

எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். "இளம் வீரர்களை ஒப்பிட்டு மாற்று மதிப்பு காண்பது எப்படி?" என்ன அழகான தலைப்பு! ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைக் கொடுத்து இன்னொரு பதினேழு வயதுப் பிள்ளையை வாங்குகிறோமே, அந்தப் பண்டமாற்றில் யார் கனம், யார் லேசு என்று நிறுத்துப் பார்ப்பது எப்படி என்று கேட்கிறார்கள். நம் சஸ்காச்சுவான் மாகாணத்து மண்ணில் கன்றுக்குட்டிக்குக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் மதிப்புச் சொல்வார்கள். நாங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதில்லை. ஏனென்றால் பாதிப் பேருக்குப் பல் இல்லை.

இருபத்தாறு ஆண்டுகளாக ஆல்டர் க்ரீக் அணியின் தேர்வாளன் நான். இருபத்தாறு குளிர்காலம்! எத்தனை அரங்கு, எத்தனை ஆறிப்போன காப்பி, எத்தனை மரப்பலகை என் பின்பக்கத்தைப் பதம் பார்த்திருக்கிறது! ஒவ்வொரு பையனுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் போடுவேன். அந்த எண்தான் தாளில் ஏறும். அந்தத் தாளைத்தான் மேலாளர் பார்ப்பார், லீக் பார்க்கும், ஒன்பதாம் மேசைக்காரர்களும் பார்ப்பார்கள். என் எண்ணுக்கு அப்பீல் கிடையாது.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தேன்? அறிவாலா? ஆராய்ச்சியாலா? ஆண்டவன் அருளாலா? இல்லை. பையனைப் பார்க்கும் முன்னால் பையனின் அப்பாவைப் பார்ப்பேன். தேர்வாளர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது, ஒன்பதாம் மேசை ஏன் தலையைக் குனிகிறது? பதினாறு வயதில் பையன் குட்டையாக இருப்பான். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பன் நெட்டையாக இருந்தால், பையன் வளருவான் என்று இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவோம்.

அப்படித்தான் ஹட்சன் வீபியைப் பார்த்தேன். மூன்றாம் மேசையில் இருக்கிறான், கை காட்டுடா ஹட்சன். தங்கமான பையன், தற்காப்பு ஆட்டக்காரன். இரண்டு வருடம் முன்னால் ஸ்டோனி லேக் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். ஐந்தடி எட்டு அங்குலம். ஆனால் கூட்டத்தில் அவனுக்காகக் கத்திக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தேன். ஆறடி ஏழு அங்குலம்! அவர் எழுந்து நின்றால் பின்னால் இருந்த மூன்று வரிசைக்கு ஆட்டமே தெரியவில்லை. "ஆகா, அப்பன் இந்த உயரமென்றால் பிள்ளை எங்கே போய் நிற்பான்!" என்று புளகாங்கிதம் அடைந்து, ஹட்சனுக்கு எட்டு போட்டேன்.

இந்த ஜனவரியில் அவனை வாங்கி வந்தோம். முதல் நாள் அந்த நெட்டை மனிதரிடம் போய்க் கை குலுக்கி, பையன் உங்களை மாதிரியே வருவான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் அவங்க அம்மாவை ரெண்டாவதா கட்டிக்கிட்டவன் சார். எப்படி என்னை மாதிரி வருவான்?" என்றார். சொந்த அப்பா ஐந்தடி ஐந்து. ஹட்சன் இன்றைக்கும் ஐந்தடி எட்டுதான். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஹட்சனே சிரிக்கிறான் பாருங்கள். இதுதான் ஐயா வல்லுநர் மதிப்பீடு.

ஆனால் ஹட்சனை வாங்கினோம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேனே, எதைக் கொடுத்து வாங்கினோம் என்று சொன்னேனா? இதுவரைக்கும் சிரிக்க வைத்தேன். இனிச் சொல்லப்போவது நான் செய்த அயோக்கியத்தனம்.

எங்கள் வீட்டில் பதினாறு ஆண்டுகளில் பத்தொன்பது பையன்கள் தங்கியிருக்கிறார்கள். எனக்கும் என் மனைவி மார்லினுக்கும் பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால் அவள் அடிக்க வருவாள். பத்தொன்பதாவது பையன் எமெட் டூசெட். ஏழு மணி நேரம் வடக்கே, சாலை முடிகிற இடத்திலிருந்து வந்தவன். வந்த அன்றே இருபத்திரண்டு பெரோகி சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமலே வாசல் பனியை வாரிப் போடுவான். மார்லினோடு நின்று பாத்திரம் கழுவுவான். கழுவும்போது பாடுவான். அந்தப் பாட்டைக் கேட்டால் நாய் எழுந்து வெளியே போய்விடும்.

ஆட்டம்? ஆகா, அந்த ஆட்டம்! பக் என்கிற அந்த ரப்பர் வட்டு அவன் மட்டைக்கு வரும் முன்னால் இடத் தோள் மேலே ஒரு பார்வை, வலத் தோள் மேலே ஒரு பார்வை. வந்த பிறகு பார்க்கவே மாட்டான். பார்க்காமலே கொடுப்பான், கொடுத்த இடத்தில் ஆள் இருப்பான். இருபத்தாறு ஆண்டில் அப்படி இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு என் தாளில் என்ன எண் போட்டேன் தெரியுமா? நாலு.

ஏன் முணுமுணுக்கிறீர்கள்? கண் தெரியாமல் போடவில்லை. கண் நன்றாகத் தெரிந்ததால் போட்டேன். ஒன்பது என்று எழுதினால் பன்னிரண்டு அணியும் வரிசையில் நிற்கும், அவனைக் கேட்டு. நாலு என்று எழுதினால் யார் சீண்டுவார்கள்? எங்கள் ஊரிலேயே இருப்பான், எங்கள் வீட்டிலேயே இருப்பான், மார்லின் சமையலறையில் பாடிக்கொண்டே இருப்பான். என்ன மூளை எனக்கு! என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தது ஜனவரி. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணி. எங்கள் மேலாளர் குவென்டின் ராத், அதோ முதல் மேசையில் இருக்கிறாரே, அவர் ஸ்டோனி லேக் மேலாளர் டெல்மா கிரீஃப் அம்மையாரோடு போனில் பேசுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறேன். ஹட்சனுக்கு ஈடாக அடுத்த ஆண்டு புதுப் பையன்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் உரிமையைத் தருவதாக ராத் சொல்கிறார். அம்மையார் அசையவில்லை. ஒரு டஜன் முட்டை வாங்கினால் கூட ஒன்று கேட்கிறோமே, அதே குரலில் மேலே ஏதாவது போடச் சொல்கிறார். ராத் என் தாளை எடுத்தார். விரலை வைத்தார். மேலேயிருந்து கீழே இறக்கினார். எட்டு, ஏழு, ஏழு, ஆறு, ஐந்து... ஆகக் கீழே போய் விரல் நின்றது.

"ஒரு டூசெட் இருக்கான். நாலுதான். கொசுறா வச்சுக்கோங்க" என்றார்.

என் வாயில் சாண்ட்விச். தொண்டையில் சொல். எதை விழுங்கினேன் என்று நினைக்கிறீர்கள்? இரண்டையும் விழுங்கினேன்! "ஐயோ, அந்த எண் பொய்" என்று கத்தியிருந்தால் அந்த நொடியே நின்றிருக்கும். கத்தினால் இருபத்தாறு ஆண்டுப் பெயர் போய்விடுமே! பெயரைக் காப்பாற்றினேன். பிள்ளையைக் கொசுறாகக் கொடுத்தேன்.

மார்லின், அங்கேயே இரு, எழுந்திருக்காதே. இந்த மூன்று மாதமாக நீ ராத் வீட்டுக்கு ஒரு பெரோகிகூடக் கொடுத்தனுப்பவில்லை. பாவம், மனிதர் இளைத்தே போய்விட்டார். அவர் மேல் கோபப்படாதே. அவர் தாளை நம்பினார். தாளில் பொய் எழுதியவன் நான்.

எமெட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கணக்குப் பரீட்சைக்கு நடுவில் கூப்பிட்டு வந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் மூட்டை கட்ட வேண்டும். தாள் மேசை மேலேயே கிடந்தது. அவன் பார்த்துவிட்டான். அழவில்லை. ராத்துக்கு நன்றி சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"லார்ன், நீங்க தினமும் என்னைப் பாக்குறீங்க. நான் நிஜமாவே நாலுதானா?"

ராத் பக்கத்தில் நிற்கிறார். நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அவன் "சரி" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குப் போனான். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். குடித்துவிட்டு ஆட்ட நடுவரின் காரில் மோதியதைவிடக் கேவலம். தெரியும், அதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

மார்ச் மாதம் என்ன நடந்தது? இதே ஸ்டோனி லேக் எங்களை நாலு ஆட்டத்திலும் சாத்தி அனுப்பியது. பதினேழு கோலில் பதினொன்றுக்குப் பக்கைத் தள்ளிக் கொடுத்தவன் எமெட். எங்கள் கொசுறு எங்களை வெளுத்தது! அதைப் பார்த்தீர்களா ஒன்பதாம் மேசையாரே? நீங்கள் வரவில்லை. நாலு மதிப்பெண் பையனைப் பார்க்க யார் இவ்வளவு தூரம் பனியில் வண்டி ஓட்டுவார்? உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் ஓட்டியிருக்க மாட்டேன்.

போன வாரம் காப்பிக் கடை வரிசையில் உங்களில் ஒருவர் என் தோளைத் தட்டினார். பெயரைச் சொல்ல மாட்டேன், முகம் சிவக்கிறதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொன்னார்: "அந்த டூசெட்டை எங்க பட்டியல்லேர்ந்து அடிச்சிட்டோம். சோறு போட்ட வீட்டுக்காரரே நாலுன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகுது?"

என் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. ஜூனில் பெரிய லீக் தேர்வு. அவனுக்குப் பதினெட்டு. இந்த முறை பெயர் வரவில்லையென்றால் வடக்கே சாலை முடிகிற இடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். எதற்காக? அவன் ஆடத் தெரியாதவன் என்பதற்காகவா? இல்லை. அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு கிழவனின் திருட்டு எண்ணுக்காக!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். காட்டுங்கள் ஐயா, முடிக்காமல் இறங்க மாட்டேன்.

எமெட்! ஆறாம் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நிமிர்ந்து பார். அன்றைக்கு நீ ஒரு கேள்வி கேட்டாய். ராத் இருந்தார் என்று பயந்து பொய் சொன்னேன். இன்றைக்கு ராத் இருக்கிறார், லீக் இருக்கிறது, ஊரே இருக்கிறது. நீ நாலு இல்லடா. நீ ஒன்பது. எழுதும்போதே எனக்குத் தெரியும். நீ போயிடக் கூடாதுன்னு எழுதினேன். என்னை மன்னிச்சிடு.

கை தட்டாதீர்கள். பொய்யனுக்கு யாராவது கை தட்டுவார்களா? ராத் அவர்களே, நாளையிலிருந்து உங்களுக்கு வேறு தேர்வாளர் வேண்டியிருக்கும். அதை நீங்கள் சொல்லும் முன்னால் நானே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் மேசைப் பெரியவர்களே, குறிப்பேட்டை எடுத்துவிட்டீர்கள், நாலை அடித்து ஒன்பது என்று எழுதுகிறீர்கள். எழுதாதீர்கள்! அன்றைக்கு நாலு என்றவனும் நான்தான், இன்றைக்கு ஒன்பது என்கிறவனும் நான்தான். அன்றைக்கும் பாசம், இன்றைக்கும் பாசம். பாசத்தில் போட்ட எண்ணை எவனாவது நம்புவானா? என்னை நம்பாதீர்கள். யாருடைய தாளையும் நம்பாதீர்கள். டெல்மா அம்மையாரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரங்கில், இரண்டு அணிப் பிள்ளைகளும் பனியில் இறங்குகிறார்கள். பதினேழாம் எண் சட்டையைப் பாருங்கள். பக் வருவதற்கு முன்னால் அந்தத் தலை இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். அவனுடைய அப்பா எவ்வளவு உயரம் என்று தேடாதீர்கள்.

பொறுமையாக இருந்து கேட்ட தலைவருக்கும், பெரியோருக்கும், பிள்ளைகளுக்கும், இன்றிரவு என்னோடு பேசப்போவதில்லை என்று முகத்திலேயே எழுதிவைத்திருக்கும் மார்லினுக்கும் என் நன்றி. எமெட், நாளைக்குக் காலையில நான் அரங்குக்குள்ள வரலை. நான் இருந்தா இவங்க என் முகத்தைப் பாப்பாங்க. உன்னைப் பாக்கட்டும். வணக்கம்.