கிழிக்காத சீட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனை நினைவுகூர வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்!

தலைமைத் தாவரவியலாளர் என்பது அண்ணனுக்கு அலுவலகம் கொடுத்த பட்டம். 'பொறுங்க அண்ணன்' என்பது நாம் கொடுத்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்டாலும் "பொறுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்பாரே, மறக்க முடியுமா?

பதினோரு வருடங்களுக்கு முன் மலைச்சரிவில் ஒரு வெள்ளைப் பூச்செடியைப் பறித்துவந்து, காயவைத்துத் தாளில் ஒட்டி, ஊரெல்லாம் முளைக்கிற வேறொரு செடியின் பெயரைச் சீட்டில் எழுதியவன் யார்? நான்தான்! ஏழு வருடம் கழித்து அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து, லென்சும் கையுமாக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தவர் யார்? அண்ணன்! "நீங்க எழுதின செடின்னா பூவுக்குள்ள மகரந்தக் கேசரம் நாலுதான் இருக்கணும். இதுல அஞ்சு இருக்கு. இது இதுவரைக்கும் யாரும் எழுதாத செடிங்க" என்றார்.

வெட்கத்தில் என் சீட்டைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பொறுங்க! பழைய சீட்டைக் கிழிக்கிற வழக்கம் நமக்கு உண்டா? பக்கத்துல புதுசு ஒட்டுவோம். நீங்க கொண்டுவரலைன்னா நான் எதைப் பார்த்திருப்பேன்?" என் தவறுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்த மனிதர் அவர்!

செடியின் விவரத்தை எழுதி முடித்தார். பழம் மட்டும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் அந்தச் சரிவில் ஏறி இறங்கினோம். "வேற யாராவது முந்திக்குவாங்க, வெளியிடுங்கண்ணே" என்று சண்டையே போட்டேன். "பாதிச் செடியையா உலகத்துக்குக் காட்டறது? பொறுங்க" என்றார். இரண்டு நாள் அவரிடம் நான் பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது எங்கே போய்க் கேட்பேன்?

சாவு பொறுத்ததா? இல்லையே! அவர் போன ஒன்பதாம் நாள் பழம் கிடைத்தது. மிளகளவுதான். கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து அவர் மேசை இழுப்பறையைத் திறந்தேன். புதுச் சீட்டு தயாராக இருந்தது. 'இனம் கண்டவர்கள்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், அவர் பெயரும் என் பெயரும். தேதி மட்டும் எழுதவில்லை.

அண்ணி, இந்தச் சபையின் முன் சொல்கிறேன். பழத்தைப் பற்றிய பத்தியை நான் எழுதிச் சேர்ப்பேன். அண்ணன் எழுதியதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். இந்த வருடமே அது வெளிவரும்.

அண்ணே, இன்று காலை தேதி போட்டு உங்கள் சீட்டை ஒட்டிவிட்டேன். என்னுடையது பக்கத்திலேயே இருக்கிறது. கிழிக்கவில்லை.