உறை பிரிக்காத கண்ணாடி

சோதனைக் குழாய்களைக் கழுவியதும் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தூசி விழும். மந்தைவெளியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். பதினாறு வருடம் வேதியியல் எடுத்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமைக்கு முன்பு என் ஆய்வகத்தில் ஒரு பிள்ளைக்கு விரல்கூடச் சுட்டதில்லை. இதையும் நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடிகள் பன்னிரண்டு இருந்தன. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தோம். ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் மேசையில் பரப்புவோம். அவர்கள் போனதும் உள்ளே வைத்துவிடுவோம். கீறல் விழுந்தால் குறிப்பு எழுதுவார்களே. "கண்ணாடிக்குக் காவல் காக்கத்தான் நம்பள வேலைக்கு எடுத்துகீறாங்க மிஸ்" என்பார் ஆய்வக உதவியாளர் துரைராஜ். சாவி என்னிடம் இருக்கும்.

மாணவி மஹ்விஷ் காய்ச்சலால் ஒரு வாரம் வரவில்லை. வேதிவினை வகைகளில் சேர்க்கை, சிதைவு இரண்டையும் தானே படித்துவிட்டாள். இடப்பெயர்ச்சி மட்டும் பார்க்காமல் புரியவில்லை என்றாள். மதிய இடைவேளையில் வரச் சொன்னேன். துரைராஜ் சாப்பிடப் போயிருந்தார்.

சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் அது ஹைட்ரஜனை வெளியேற்றும். கடுகளவு போதும் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கிறேன். ஆனால் அவ்வளவு சின்னது சீறிவிட்டு அடங்கிவிடும். ஒற்றைப் பிள்ளைக்காகச் செய்கிறோம், நன்றாகத் தெரியட்டுமே என்று சுண்டைக்காய் அளவு வெட்டித் தண்ணீரில் போட்டேன். கிட்ட வந்து பார் என்றேன். குனிந்தாள்.

வெடித்துத் தெறித்த காரத் தண்ணீர் அவள் வலது கண்ணில் விழுந்தது.

"மிஸ், எரியுது மிஸ். தண்ணி ஊத்துங்க."

குழாய் ஐந்தடி தூரத்தில் இருந்தது. கண்ணில் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருப்பது என் கையெழுத்து. நான் பீரோவைத்தான் முதலில் திறந்தேன். பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. உறையைக் கிழித்தேன். ஒரு கண்ணாடியைக் கீறல் விழும்படி மேசை விளிம்பில் இரண்டு தடவை தேய்த்து, அவள் கழுத்தில் மாட்டினேன். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் செய்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஆகும் என்று அப்போது தோன்றியது. பிறகுதான் குழாய்க்கு அழைத்துப் போனேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

உடனே கழுவியிருந்தால் பார்வை மிஞ்சியிருக்கும் என்றார் கண் டாக்டர். பக்கத்தில் தண்ணீர் இல்லையா என்று கேட்டார். மாணவி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள் என்று நான் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அப்துல் கஃபார் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிவந்தார். மஹ்விஷ் என் எதிரில் வந்து நின்றாள்.

"நான் எப்ப கழட்டினேன்னு ஞாபகமே வரல மிஸ். போட்ட ஞாபகமும் இல்ல. ஆனா கழுத்துல இருந்துச்சாமே. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சிருங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் மனதில் பாரம் தங்கக் கூடாதே என்று, மன்னித்துவிட்டேன் என்றேன்.